கூலியற்ற அனுபவமும் இலவசக் கல்வியும்

ஞாயிறு வாரப் பத்திரிகைகளின் வேலைவாய்ப்புப் பக்கங்களைப் புரட்டுவோர் ஒரு விசித்திரத்தைக் காணாதிருக்க முடியாது. ஆரம்ப நிலை உத்தியோகம் ஒன்றுக்கு ஆள் தேவை என்று தலைப்பு இருக்கும். அதன் கீழேயே ‘ஒரு வருட அனுபவம் அவசியம்’ என்ற நிபந்தனையும் இருக்கும். வேலை கிடைப்பதற்கு அனுபவம் வேண்டும். அனுபவம் கிடைப்பதற்கு வேலை வேண்டும். இச்சுழலில் அகப்பட்டுத் திகைக்கும் எமது இளைஞருக்கும் யுவதியருக்கும் அண்மைக் காலமாக ஒரு மார்க்கம் உபதேசிக்கப்பட்டு வருகிறது. படிக்கும் காலத்திலேயே தொழில் அனுபவத்தைத் தேடிக்கொள்ளுங்கள் என்பதே அந்த உபதேசம். பல்கலைக்கழகங்களின் தொழில் வழிகாட்டல் பிரிவுகள் இதைக் கூறுகின்றன. கம்பனிகளின் பிரதிநிதிகள் மேடையேறி இதைக் கூறுகின்றனர். பாடத்திட்டங்களிலும் இப்போது ‘தொழிற்பயிற்சி’ என்ற பெயரில் மூன்று மாதங்கள் அல்லது ஆறு மாதங்கள் ஒதுக்கப்படுகின்றன.

நல்ல உபதேசந்தான். ஆனால் எந்த உபதேசத்தைக் கேட்கும்போதும் நாம் ஒரு கேள்வியைத் தவறாது கேட்டுக்கொள்ள வேண்டும்: இதற்கான செலவை யார் ஏற்கிறார்கள்? இதன் பயனை யார் அனுபவிக்கிறார்கள்? இக்கேள்வியைக் கேளாது ‘அனுபவம், அனுபவம்’ என்று ஜெபிப்பது, கல்வித் துறையிலே நாம் அரும்பாடுபட்டுப் பெற்ற உரிமையொன்றை நாமே கைநழுவ விடுவதாக முடியும் என்பது எமது கருத்து.

முதலில் எமது நிலைப்பாட்டைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். மாணவர் வேலை செய்து பார்க்கக் கூடாது, சர்வகலாசாலை ஒரு தவச்சாலை, அங்கே ஏடும் எழுத்தாணியும் தவிர வேறொன்றும் நுழையலாகாது என்று கூறும் தூய அறிவுவாதிகளோடு எமக்கு உடன்பாடில்லை. அவ்வாறு கூறுவோரில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் வயிற்றுக்காகக் கையை அசைத்தறியாதவர்கள். மறுபுறத்திலே, பல்கலைக்கழகம் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் தொழிற்சாலை, கம்பனி கேட்கும் அளவுக்கு மாணவனை வெட்டித் தைத்து அனுப்புவதே ஆசிரியனின் கடமை என்று கூறும் கனவான்களோடும் எமக்கு உடன்பாடில்லை. முன்னவர் உழைப்பை இழிவாகக் கருதுகின்றனர். பின்னவர் உழைப்பை இலவசமாகக் கேட்கின்றனர். இவ்விரு சாராரும் வெவ்வேறு திசைகளில் நிற்பவராகத் தோன்றினும், உழைப்புக்கு உரிய மதிப்பைக் கொடுக்க மறுப்பதில் ஒன்றுபடுகின்றனர்.

மூளை உழைப்பும் கை உழைப்பும் எமது நாட்டிலே பிரிந்து நிற்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1830களில் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகளைத் தொடர்ந்து ஆங்கிலக் கல்விக்கு அரசின் ஆதரவு கிடைத்தபோது, அதன் உடனடித் தேவை காலனி ஆட்சியின் கந்தோர்களுக்குக் குறைந்த சம்பளத்தில் உள்ளூர் லிகிதர்களைத் தயாரிப்பதாகவே இருந்தது. யாழ்ப்பாணத்திலே மிஷனரிமாரின் பள்ளிக்கூடங்களும் பின்னர் சைவப் பள்ளிக்கூடங்களும் அத்தேவையை நிறைவேற்றின. தோட்டத்தையும் துலாவையும் விட்டு விலகிக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகம் பார்க்கச் செல்வதே கல்வியின் பயன் என்றாயிற்று. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்’ என்ற பழமொழி இந்த உத்தியோக மோகத்தின் உரைகல். கை உழைப்பைத் தாழ்ந்த சாதியினர்க்கு விதிக்கப்பட்டதாகக் கருதிய எமது சமூக அமைப்பு இம்மோகத்துக்கு நல்ல எருவாயிற்று. ஆகவே படித்தவன் வேலை தெரியாதவன் என்ற இன்றைய குற்றச்சாட்டு மாணவன்மீது சுமத்தப்படுவது நியாயமாகாது. வேலை தெரியாதவனே படித்தவன் என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இலக்கணம் வகுத்தவர்கள் யார் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

உழைப்பையும் கல்வியையும் இணைக்க வேண்டுமென்ற கோரிக்கை முற்போக்காளருக்குப் புதிதன்று. 1848 ஆம் ஆண்டின் கம்யூனிஸ்ட் அறிக்கை, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பாடசாலைகளில் இலவசக் கல்வி வேண்டும், அன்று நிலவிய வடிவிலான குழந்தைத் தொழிலாளர் முறை ஒழிக்கப்பட வேண்டும், கல்வி பொருளுற்பத்தியோடு இணைக்கப்பட வேண்டும் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டது. இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவற்றில் மூன்றாவதை மட்டும் பிய்த்தெடுத்து, இலவசம் என்பதையும் சுரண்டல் ஒழிப்பு என்பதையும் விட்டுவிட்டால் எஞ்சுவது மூலதனத்துக்கு ஊழியம் செய்யும் கல்வி மட்டுமே. இன்று எம்மிடம் நீட்டப்படுவது இந்தப் பிய்ந்த துண்டுதான்.

எமது நாட்டிலும் இவ்விணைப்புக்கான முயற்சிகள் நடந்துள்ளன. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் 1930களில் தொடங்கப்பட்ட கிராமியக் கல்வித் திட்டம் பிள்ளைகளின் சுற்றாடலையும் அங்குள்ள தொழில்களையும் பாடமாக்க முயன்றது. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த காலத்திலே, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியிலே ஈடுபட்டவருட் பெரும்பாலோர் கிராமப்புறத்துப் படித்த இளைஞர் என்ற உண்மை நாட்டை உலுக்கியது. அவ்வாண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் நாட்டிலுள்ள வேலைவாய்ப்புகளுக்கும் இடையிலிருந்த பெரும் பிளவை எடுத்துக்காட்டியது. 1972 இன் கல்விச் சீர்திருத்தம் பாடசாலைக்குள்ளே தொழில்சார்ந்த பாடங்களைக் கொண்டுவந்தது. 1977 இல் ஆட்சி மாறியதும் அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டது.

அது நிலைபெறாமற் போனதற்கு ஆட்சி மாற்றம் ஒன்றே காரணமன்று. கருவிகள் இல்லை, பயிற்றப்பட்ட ஆசிரியர் போதவில்லை. இவற்றுக்கும் மேலாகப் பெற்றோரிடத்தே ஒரு சந்தேகம் இருந்தது. ‘பெரிய இடத்துப் பிள்ளைகள் டாக்டராகவும் எஞ்சினியராகவும் படிக்க, எங்கள் பிள்ளைகளுக்குத் தச்சு வேலையும் தோட்ட வேலையுமா?’ என்று அவர்கள் கேட்டார்கள். அச்சந்தேகம் பிற்போக்கானது என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. சமத்துவமற்ற சமுதாயத்திலே எல்லோருக்கும் பொதுவென்று கூறப்படும் சீர்திருத்தம் ஒன்றின் பாரம் எவர் தலையில் இறங்கும் என்பதை ஏழைப் பெற்றோர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இந்தப் படிப்பினையை மனத்திற்கொண்டே இன்றைய தொழிற்பயிற்சி முறையை நோக்க வேண்டும்.

இம்முறை எவ்வாறு இயங்குகிறது? யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ கலை, முகாமைத்துவம், கணினி ஆகிய துறைகளிற் பயிலும் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். இறுதியாண்டில் அவள் ஆறு மாதங்கள் ஒரு நிறுவனத்திலே பயிற்சி பெற வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்களின் தலைமையகங்கள் பெரும்பாலும் மேல் மாகாணத்திலேயே உள்ளன. ஆகவே அவள் கொழும்புக்குச் செல்ல வேண்டும். அங்கே அறை வாடகை உண்டு; மூன்று வேளை உணவுண்டு; நாளாந்தம் பஸ் கட்டணம் உண்டு; கந்தோருக்கு ஏற்ற உடை உண்டு. நிறுவனம் கொடுப்பது சில இடங்களிலே ஒரு சிறு கொடுப்பனவு. பல இடங்களிலே வெறுங்கை. பல்லாண்டுகளாக 5,000 ரூபாவில் நின்ற மகாபொலப் புலமைப்பரிசில் 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேதான் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் கொழும்பிலே ஓர் அறையின் மாத வாடகை என்னவென்பதை அறிந்தவர்க்கு இத்தொகையின் அற்பத்தை நாம் விளக்கத் தேவையில்லை.

இந்நிலையில் பயிற்சிக்குச் செல்லக்கூடியவர் யார்? கொழும்பிலே வீடுள்ளவர் செல்லலாம். கொழும்பிலே உறவினர் உள்ளவர் செல்லலாம். தகப்பனார் ஒரு தொலைபேசி அழைப்பால் இடம் பிடித்துக் கொடுக்கக்கூடியவர், தாம் விரும்பிய இடத்துக்கே செல்லலாம். ஹற்றன் தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் தாயின் மகளும், முல்லைத்தீவுக் கரையிலே வலையிழுக்கும் தகப்பனின் மகனும் யாது செய்வர்? ஒன்றில் நகை அடகு வைக்கப்படும். அல்லது கடன் வாங்கப்படும். இரண்டும் இயலாவிடில் ஊருக்குள்ளே எவராவது கையொப்பமிட்டுக் கொடுக்கக்கூடிய ஓரிடத்திலே பெயருக்குப் பயிற்சி முடித்துக்கொள்ளப்படும். ஆண்டிறுதியில் இருவரும் ஒரே வகுப்புச் சித்தியோடு வெளியேறுகின்றனர். ஆனால் ஒருவரின் விண்ணப்பத்திலே பெரிய நிறுவனமொன்றின் பெயர் இருக்கிறது. மற்றவரின் விண்ணப்பத்திலே அது இல்லை. நேர்முகப் பரீட்சையில் அமர்ந்திருக்கும் கனவான் இவ்வேறுபாட்டைத் திறமை என்று வாசிக்கிறார்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தகப்பனின் பணம் மகனின் தகுதியாக உருமாற்றம் பெறுகிறது. பிறப்பினால் வந்த வசதி முயற்சியினால் வந்த பெருமையாக வேடம் பூணுகிறது. சாதியினால் உத்தியோகம் பெற்ற காலத்திலே அநீதி கண்ணுக்குத் தெரிந்தது. அதை எதிர்த்துக் குரலெழுப்ப முடிந்தது. அனுபவம் என்ற நாகரிகப் பெயரோடு வரும் அநீதியை அதற்குப் பலியானவரே தமது குறையென்று நம்பி வெட்கித் தலைகுனிகிறார்.

1945 இல் நாம் ஒழித்தது பாடசாலைக் கட்டணத்தை. ஏழையின் பிள்ளை பணமின்மையால் பின்னிற்கக் கூடாது என்பதே அதன் சாரம். இன்று கல்விக்கூடத்தின் வாசலிலே கட்டணம் கேட்கப்படுவதில்லை. அது வெளியேறும் வாசலிலே கேட்கப்படுகிறது. ஆறு மாத உழைப்பு, ஆறு மாத வாடகை, ஆறு மாதச் சாப்பாடு ஆகியவை சேர்ந்த அந்தக் கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கப்படுவதில்லை. வாசலை மாற்றிவிட்டதனால் இலவசக் கல்வி காப்பாற்றப்பட்டதாகிவிடுமா?

இதன் பொருளாதாரமும் விளங்கிக்கொள்ளத் தக்கது. புதிதாக வேலைக்கு வரும் எவரையும் அவ்வேலைக்குப் பழக்க ஒரு செலவு உண்டு. பழக்கப்பட்டவரின் உழைப்பினாலே இலாபம் அடைவது நிறுவனம். ஆகவே அச்செலவையும் நிறுவனமே ஏற்பது முறை. ஆளைச் சேர்த்து, சம்பளமும் கொடுத்து, வேலையும் பழக்கும் வழக்கம் இருந்தது. இன்றும் நல்ல நிறுவனங்களில் இருக்கிறது. ‘படிக்கும்போதே அனுபவம்’ என்ற சுலோகம் இச்செலவை நிறுவனத்தின் கணக்கேட்டிலிருந்து எடுத்துக் குடும்பத்தின் தலையிலும் பொதுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தின் தலையிலும் வைக்கிறது. உலக வங்கியின் கடனுதவியோடு 2003 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்வித் திட்டம் தன் பெயரிலேயே ‘பொருத்தப்பாடு’ என்ற சொல்லைத் தாங்கி வந்தது. எதற்குப் பொருத்தம், எவருக்குப் பொருத்தம் என்ற விசாரணை எமது செனற் சபைகளிலே உரக்க எழுந்திருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பினர் கூறும் வாதங்களையும் நாம் கவனிக்கக் கடமைப்பட்டுள்ளோம். மாணவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் எமக்குப் பாரம், இடம் கொடுத்ததற்கே அவன் நன்றி கூற வேண்டும் என்பது முதல் வாதம். முதற் சில வாரங்களுக்கு இது உண்மையாக இருக்கலாம். அதற்குப் பின்னர்? ஒரு தொகுதி மாணவர் போனவுடன் அதே மேசையில் அதே கணக்கை எழுத அடுத்த தொகுதி வருகிறது. அவ்விடத்துக்கு நிரந்தர ஊழியர் எவரும் நியமிக்கப்படுவதில்லை. பாரமானவர்களை வருடத்துக்கு இரு முறை விரும்பி வரவழைக்கும் வியாபாரி உலகில் எங்கேனும் உண்டா? ஜெர்மனியிலே 1969 ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம், பயிலுநருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும், ஆண்டுதோறும் உயர்ந்து செல்லும் கொடுப்பனவும் வேண்டுமென விதித்தது. 2020 தொடக்கம் அதற்கு ஒரு குறைந்தபட்சத் தொகையும் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. பயிலுபவனின் உழைப்பு நாளுக்கு நாள் மதிப்புக் கூடிச் செல்கிறது என்பதை முதலாளித்துவ நாடொன்றின் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

கூலி கொடுக்கச் சொன்னால் பயிற்சி இடங்களே இல்லாமற் போய்விடும் என்பது இரண்டாவது வாதம். தொழிலாளர் நலனுக்கான சட்டம் எது வந்தாலும் கூடவே வரும் பழைய பல்லவி இது. எமது நாட்டிலே 1941 இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1954 இல் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் வந்தது. 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. 2016 இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. கடைகள் பூட்டப்படவில்லை, கந்தோர்கள் காற்றிற் பறக்கவில்லை. பாரிஸ் நகரிலே 2005 இல் கூலியற்ற பயிலுநர்கள் வெள்ளை முகமூடி அணிந்து வீதிக்கு இறங்கினர். அடுத்த ஆண்டே குறிப்பிட்ட காலத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குக் கொடுப்பனவு கட்டாயமென்று சட்டம் வந்தது. பிரான்சிலே பயிற்சி முறை அழிந்துவிடவில்லை. கூலி கொடுக்க வேண்டுமென்றவுடன் மறைந்துவிடும் இடம் ஒன்று இருக்குமாயின், அது பயிற்சிக்கென வைக்கப்பட்ட இடமாக ஒருபோதும் இருந்திராது. அது மறைவதையிட்டு நாம் ஏன் கண்ணீர் வடிக்க வேண்டும்?

இன்னொரு வாதம் இதனினும் இனிமையாகக் கூறப்படுகிறது. பணத்தைப் பார்க்காதே, தொடர்பைப் பார், எதிர்காலத்தைப் பார் என்கின்றனர். எதிர்காலத்தைக் காட்டி நிகழ்காலத்தைப் பறிக்கும் இத்தந்திரத்தின் முடிவை எமது ஆசிரிய வாசகர்கள் நன்கறிவார்கள். வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்திலே ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களைத் தொண்டராசிரியர்கள் தாங்கி நின்றனர். நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையிலே ஆண்டுக்கணக்காகக் கூலியின்றியும் சொற்பக் கொடுப்பனவோடும் கற்பித்தனர். யுத்தம் முடிந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும் அவர்களுட் பலர் மாகாண சபை வாசலிலே போராட வேண்டியிருந்தது. 2020 இல் பட்டதாரிகள் பல்லாயிரவர் அரச சேவைக்கு எடுக்கப்பட்டபோதும் ‘பயிலுநர்’ என்ற பெயரோடு 20,000 ரூபா மாதக் கொடுப்பனவே வழங்கப்பட்டது. செய்த வேலை முழு வேலை. பெயர் மட்டும் பயிற்சி. அரசே இவ்வாறு வழிகாட்டும்போது தனியார் கம்பனி பின்பற்றாதிருக்குமா?

பெண் மாணவியரின் நிலை தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. தெரியாத நகரிலே பாதுகாப்பான தங்குமிடம் தேடுவது அவர்களின் முதற் சிரமம். பயிற்சியிடத்திலே மேலதிகாரி ஒருவர் தகாத முறையில் நடந்துகொண்டால் முறையிடுவது எங்கே என்பது அதனினும் பெரிய சிரமம். நிறுவனம், அவள் எமது ஊழியர் அல்லள் என்று கைகழுவும். பல்கலைக்கழகம், சம்பவம் எமது வளவிலே நடக்கவில்லை என்று ஒதுங்கும். மதிப்பீட்டுப் பத்திரத்திலே கையொப்பமிட வேண்டியவரும் அதே மேலதிகாரியாக இருப்பார். ஒப்பந்தமும் கூலியும் கேட்பது பணத்துக்காக மட்டுமன்று. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் ஒரு மனுஷியாக அங்கே நிற்பதற்காகவுந்தான்.

அனுபவம் என்ற சொல்லையே ஒருகணம் உரைத்துப் பார்ப்போம். எமது மாணவர் அனுபவமற்றவர் என்பது உண்மைதானா? உயர்தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்புக் கடைகளிலே சிப்பந்திகளாக நின்றவர்கள் அவர்களுள் உண்டு. பின்னேரங்களில் ரியூசன் கற்பித்துத் தம் படிப்பையும் தம்பி தங்கையரின் படிப்பையும் நடத்துபவர்கள் உண்டு. புகையிலைக் கன்றுக்கு நீரிறைத்தவர், மீன் ஏலத்திலே கணக்கெழுதியவர், தையல் மெஷினில் இரவிரவாகக் காலூன்றியவர் ஆகியோர் எமது விரிவுரை மண்டபங்களிலே அமர்ந்திருக்கின்றனர். முப்பது பிள்ளைகளை ஒரு கொட்டிலுக்குள் அமர்த்திக் கணிதம் விளங்கவைப்பவனுக்குப் பிறரோடு பேசும் ஆற்றல் இல்லையாம்! கடனுக்குச் சாமான் கொடுத்து மாதமுடிவில் அதைச் சண்டையின்றி வசூலித்தவளுக்கு முகாமைத்துவம் தெரியாதாம்! குளிரூட்டிய அறைக்குள்ளே பெறப்பட்டதே அனுபவம், வெயிலிலே பெறப்பட்டது அனுபவமன்று என்ற தீர்ப்பு எந்த வர்க்கத்தின் தீர்ப்பு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

கூலியோடும் கண்காணிப்போடும் பயிற்சி கொடுப்பது எமக்கு இயலாத காரியமுமன்று. வைத்தியக் கல்வியை முடித்தவர் முழுப் பதிவு பெறுமுன் ஓராண்டு ஆஸ்பத்திரியிலே உள்ளகப் பயிற்சி பெறுகிறார். அரசு அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் ஆரம்பிக்கப்பட்ட தேசிய கல்வியியற் கல்லூரிகளிலே இரண்டு வருடக் கல்விக்குப் பின் மூன்றாம் வருடம் பாடசாலையிலே கட்டுறு பயில்வு நடைபெறுகிறது. கோப்பாயிலும் பத்தனையிலும் தாழங்குடாவிலும் பயின்ற ஆசிரியர்கள் அவ்வருடத்தின் பயனை அறிவார்கள். 1971 இல் தேசிய பயிலுநர் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழிவந்த அதிகாரசபையின் கீழ் மோட்டார் திருத்தும் தொழிலைப் பழகும் இளைஞன் ஒப்பந்தமும் கொடுப்பனவும் பெறுகிறான். அவனுக்குள்ள பாதுகாப்பு, பட்டப்படிப்பின் இறுதியாண்டிலே கந்தோரொன்றில் இருந்து உழைக்கும் மாணவிக்கு இல்லை. டாக்டருக்கு உண்டு, மெக்கானிக்குக்கு உண்டு, இடையிலுள்ளவர்க்கு இல்லையென்றால், அதற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை என்பதன்றி வேறென்ன?

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேகூட, சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்திலே ஹேர்மன் ஷ்னைடர் என்பவர் 1906 இல் தொடங்கிய கூட்டுறவுக் கல்வி முறையிலே, பொறியியல் மாணவர் படிப்பையும் தொழிற்சாலை வேலையையும் மாறிமாறிச் செய்து, வேலைக்குரிய கூலியையும் பெற்றனர். உழைத்தவனுக்குக் கூலி என்பது சோசலிசத்தின் உச்சக் கோரிக்கையன்று. அது சாதாரண நாணயம். அந்த நாணயத்தைக் கேட்பதற்கே நாம் கூச்சப்படுகிறோம்.

இனி ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். மாணவன் கையிலே ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஆறு மாதங்களின் பின் அவன் கொண்டுவரும் தினக்குறிப்பேட்டிலே கையொப்பமிட்டுப் புள்ளி வழங்கும் விரிவுரையாளர் எதற்குப் புள்ளி வழங்குகிறார்? அவர் அவ்விடத்துக்கு ஒருமுறையேனும் சென்றாரா? மாணவன் அங்கே தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தானா, பிரதியெடுக்கும் இயந்திரத்தின் முன் நின்றானா, அல்லது தன் துறை சார்ந்த எதையேனும் செய்தானா என்பதை அவர் அறிவாரா? காணாத வேலைக்கு மதிப்பெண் இடுவது கல்வியின் பெயரால் நடக்கும் பொய்ச்சாட்சி. வேலையிடத்திலே பெறும் அனுபவம் தானாக அறிவாகிவிடுவதில்லை. இக்கணக்கு ஏன் இவ்வாறு எழுதப்படுகிறது, இந்நிறுவனத்தின் இலாபம் எங்கிருந்து வருகிறது, பக்கத்து மேசையிலுள்ளவரின் சம்பளம் எவ்வளவு, அவருக்குச் சங்கம் உண்டா, இங்கு எந்தச் சட்டம் மீறப்படுகிறது என்ற கேள்விகளோடு மாணவர் மீண்டும் வகுப்பறைக்கு வந்து கூடி விவாதிக்கும்போதே அனுபவம் அறிவாகிறது. கேள்வி கேளாத அனுபவம் செக்குமாட்டின் அனுபவம்; அது நெடுந்தூரம் நடந்திருக்கும், எங்கும் போயிராது.

ஆகவே எமது கோரிக்கைகளைத் தொகுத்துக் கூறுகிறோம். பாடத்திட்டத்திலே கட்டாயமாக்கப்பட்ட எந்தப் பயிற்சிக்கும், செய்யும் நேரத்துக்கேற்பக் குறைந்தபட்ச வேதனத்துக்குக் குறையாத கொடுப்பனவு வேண்டும். நிறுவனம் கொடுக்க மறுத்தால் பல்கலைக்கழகம் அங்கே மாணவரை அனுப்பலாகாது. வெளியூருக்குச் செல்பவர்க்குத் தங்குமிடமும் பயணச் செலவும் வேண்டும். நிறுவனம், பல்கலைக்கழகம், மாணவர் ஆகிய மூவரும் ஒப்பமிட்ட உடன்படிக்கை வேண்டும். அதிலே வேலையின் தன்மை, நேரம், விபத்துக் காப்புறுதி, முறைப்பாட்டு வழி ஆகியவை எழுதப்பட வேண்டும். பொறுப்பான விரிவுரையாளர் நேரிற் சென்று பார்வையிட வேண்டும். மாணவர் தம் வாழ்வுக்காகச் செய்துவரும் வேலையையும் உரிய பரிசீலனையின் பின் பயிற்சியாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பயிற்சி என்றால் கொழும்பு என்ற மனப்பாங்கும் மாற வேண்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை போன்ற பொது முயற்சிகள், பனை அபிவிருத்திச் சபை, பிரதேச சபைகள், நூலகங்கள், தொழில் திணைக்களத்தின் கிளைக் காரியாலயங்கள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றிலே ஆராய வேண்டியதும் செய்ய வேண்டியதும் மலையளவு கிடக்கின்றன. தோட்டத் தொழிலாளரின் சேமலாபநிதிக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு முகாமைத்துவ மாணவன், மாடிக் கட்டடத்திலே அட்டவணை நிரப்புபவனைவிடக் குறைவாகவா கற்றுக்கொள்வான்? தன் கல்விக்குப் பணம் கொடுத்த மக்களுக்கு அவன் செய்யும் கைம்மாறாகவும் அது அமையும். ஆனால் அங்கும் கூலி வேண்டும். சேவை என்ற பெயரிலே ஏழை மாணவனைப் பட்டினி போடும் உரிமை கூட்டுறவுச் சங்கத்துக்கும் இல்லை.

மாணவ நண்பர்களே, பயிற்சி இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது கொடுப்பனவு என்ன என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கேட்டால் இடம் கிடைக்காது என்ற அச்சம் தனியாகக் கேட்பவனின் அச்சம். ஒரு பீடத்தின் மாணவர் அனைவரும் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கையாகிறது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கேட்டால் அது சட்டமாகவும் கூடும். உங்கள் ஒன்றியங்களின் அடுத்த கூட்டத்திலே இவ்விடயத்தை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். எந்த நிறுவனம் என்ன கொடுத்தது, என்ன வேலை வாங்கியது, எவரை எப்படி நடத்தியது என்பதைப் பயிற்சி முடித்த மாணவரிடம் கேட்டு ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த தொகுதி மாணவர் வெறுங்கையோடும் வெறும் நம்பிக்கையோடும் போகாதிருக்க அப்பதிவேடு உதவும். ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உங்களோடு சேர்ந்து பேசுவதற்கு அதுவே ஆதாரமாகும்.